பென்சிலால் போட்ட மௌனம்

அந்த மௌனத்தைப் போட்டவள் வயோலாக்காரி. அதுவும் பென்சிலால்.

போஸ்டரில் அப்படி எழுதவில்லை. போஸ்டரில் பாடகி கண்ணை மூடி, கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, இந்த உலகத்தோடு கணக்கு முடித்துவிட்டவள்போல நின்றாள். அவள் காலடியில், ‘மின்சாரம் இல்லை. முகமூடி இல்லை. ஒரு குரல், நான்கு தந்திக் கருவிகள், ஒரு மௌனம்’ என்று அச்சடித்திருந்தார்கள். மின்சாரம் இல்லை என்பது எல்லார் கண்ணிலும் படவேண்டும் என்பதற்காகப் போஸ்டருக்குப் பின்னால் நாலு டியூப்லைட் எரிந்தது.

பாடகியைப் பதினைந்து வருஷமாக ஊர் ‘மின்னல்’ என்றுதான் கூப்பிட்டது. புகை கக்கும் மேடையில் இருபது பேரோடு குதித்துக் குதித்துப் பாடியவள். பாதிப் பாட்டை அவள் பாடுவாள், மீதிப் பாட்டைக் கம்ப்யூட்டர் பாடும். எது எந்தப் பாதி என்று இருவருமே வெளியில் சொன்னதில்லை. நாற்பதைத் தொட்டதும் முழங்கால் தேய்ந்தது. முழங்கால் தேய்ந்தால் கலை ஆழமாகிவிடும் என்பது மேனேஜரின் கண்டுபிடிப்பு. ஒரு முக்காலியைப் போட்டு அவளை உட்காரவைத்து, பக்கத்தில் நாலு தந்திக் கருவிகளை அரைவட்டமாக அமர்த்தி, பழைய குத்துப்பாட்டுகளையெல்லாம் பாதி வேகத்தில் பாடவைத்தார். பாதி வேகத்தில் எதைப் பாடினாலும் தத்துவம்போலத்தான் கேட்கிறது.

அந்த நாலு பேரும் இருபத்திரண்டு வருஷமாகச் சேர்ந்து வாசிப்பவர்கள். முதல் வயலின், வயோலாக்காரியின் கணவர். தன்னை ‘மாஸ்டர்’ என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். இரண்டாவது வயலின்காரர் எதற்கும் ‘சரிங்க’ என்பார், ஆகவே அவர் பெயரே ‘சரிங்க’. தரையில் ஊன்றி வாசிக்கும் பெரிய வயலின் மாதிரியான செல்லோவை வாசிப்பவர் ஐம்பது வயது, தொண்ணூறு கிலோ, பெயர் ‘குட்டி’. பாட்டுகளை நால்வருக்கும் பிரித்து எழுதியவர் அவர்தான். மின்னலோடு வாசிக்க அழைப்பு வந்தபோது மாஸ்டர், “இதெல்லாம் நம்ம தரத்துக்கு ஒத்துவருமான்னு மூணு நாள் யோசிக்கணும்” என்றார். மூன்றாவது நிமிஷம் சரி சொல்லிவிட்டார்.

வயோலா என்பது வயலின் குடும்பத்தின் நடுப்பிள்ளை. வயலினைவிடக் கொஞ்சம் பெரிது, செல்லோவைவிட ரொம்பச் சின்னது. இருந்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள். இல்லாவிட்டால், ‘என்னமோ குறையுதே’ என்பார்கள், என்ன என்று சொல்லத் தெரியாது.

நால்வருக்கும் முன்னால் நின்று கையை ஆட்டுபவர் என்று யாரும் கிடையாது. மாஸ்டர் மூக்கால் ஒரு மூச்சு இழுப்பார். ‘சர்’ரென்று கேட்கும். அந்த மூச்சில் நாலு வில்லும் ஒன்றாக இறங்கும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாளும் பிசகியதில்லை. வீட்டிலும் அதே மூச்சுதான். கூடத்திலிருந்து ‘சர்’ கேட்டால் போதும், வயோலாக்காரியின் கை தானாக அடுப்பைப் பற்றவைக்கும்.

மௌனம் பிறந்தது முதல் ஒத்திகையில். ஒரு பழைய கிடங்கின் மாடி. ஜன்னல் கம்பியில் யாரோ மறந்துவிட்டுப்போன குடை தொங்கியது. எடுத்துக்கொண்ட பாட்டு, மின்னலை ஊருக்குக் காட்டிய பாட்டு. காதலன் கதவைத் தட்டுகிறான், காதலி திறக்க மறுக்கிறாள், அவ்வளவுதான் விஷயம். கல்யாண வீடு, கல்லூரி விழா, கட்சி மாநாடு என்று அது அலறாத இடமில்லை. ‘கதவைத் திற, நான்தான்’ என்ற வரியை ஊரே அவளோடு சேர்ந்து கத்தும். குட்டி அதை உருக்கி, மெழுகுபோல மெதுவாக்கியிருந்தார்.

மின்னல் ‘கதவைத் திற’ வரை பாடினாள். ‘நான்தான்’ வரவில்லை.

நாலு வில்லும் காற்றில் நின்றன. மாஸ்டர் மூச்சு இழுக்கவில்லை. அவள் ஜன்னலில் தொங்கிய குடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வயோலாக்காரி, அடுத்து வரவேண்டிய தன் ஒற்றை ஸ்வரத்தை, கைக்குழந்தையைக் கீழே விடுவதுபோல மெல்ல இழுத்துக் கொடுத்தாள். அதைப் பிடித்துக்கொண்டு மின்னல் ‘நான்தான்’ என்று பாடி முடித்தாள்.

டீ குடிக்கும்போது மேனேஜர் ரகசியக் குரலில் சொன்னார். மூன்று மாதத்துக்கு முன் அவளுடைய அண்ணன் போய்விட்டார். லிஃப்ட் மெக்கானிக். வேலை நடந்த இடத்திலேயே நெஞ்சுவலி. தங்கை வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்த மனுஷன் காலிங்பெல்லைத் தொடமாட்டாராம். வாசலில் நின்று, கையில் ஸ்பேனர் பையோடு, தங்கையின் வரியையே தொண்டை கிழியப் பாடுவாராம்: ‘கதவைத் திற, நான்தான்!’ சுருதிக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம்.

எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். குனிந்த தலையோடு வயோலாக்காரி என்ன செய்தாள் என்றால், கொண்டையில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, தன் தாளில் அந்த இடத்தில் ஒரு வளைவு போட்டு, அதன் கீழே ஒரு புள்ளி வைத்தாள். பார்க்கப் புருவமும் கண்ணுமாக இருக்கும். வாசிப்பவர்களுக்கு அதன் அர்த்தம், ‘இங்கே நில்’. பாடுகிறவர் எங்கே நேரம் எடுத்துக்கொள்கிறாரோ அங்கே குறி போடவேண்டும். அது தொழில் தர்மம். பென்சிலைப் பக்கத்தில் நீட்டினாள். சரிங்க போட்டார், குட்டி போட்டார், கடைசியில் மாஸ்டர், தானே யோசித்துக் கண்டுபிடித்ததுபோலப் பெரிதாகப் போட்டார்.

ஒருத்தி தடுக்கி விழுந்தாள். நாலு பேர் சேர்ந்து, நாளைக்கும் இதே இடத்தில் விழவேண்டும் என்று அடையாளக் கல் நட்டுவிட்டார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. மரியாதையாகத்தான் செய்தார்கள்.

மறுநாள் ஒத்திகையில் அந்த இடம் வந்தது. நாலு வில்லும் ஒன்றாக நின்றன. மின்னல் நிற்க நினைக்கவே இல்லை, ஆனால் துணைக்கு இருந்த நாலு பேரும் நின்றுவிட்டபோது அவள் மட்டும் எங்கே போவாள்? அவளும் நின்றாள். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “நாலு செகண்ட். பிரமாதம். கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்.”

அதற்கப்புறம் ஊர் ஊராக நாலு செகண்ட். இரண்டாவது ஊரில் லைட்காரர் அந்த இடத்துக்கு நீல விளக்கு போட்டார். மூன்றாவது ஊரில் ஒரு விமர்சகர், ‘அந்த நான்கு நொடிகளில் பிரபஞ்சம் தன்னைத்தானே கேட்டது’ என்று எழுதினார். ஐந்தாவது ஊரில் ஜனங்கள் நீல விளக்கு விழுவதற்கு முன்பே கைக்குட்டையை எடுத்துவிட்டார்கள். சத்தமே வராத மின்விசிறி செய்யும் கம்பெனி ஒன்று, மௌனத்துக்கு நாங்கள்தான் விளம்பரதாரர் என்று முன்வந்தது. மாஸ்டர் ஒரு பேட்டியில், “மௌனம்தான் என் முதல் வாத்தியம்” என்றார். அதைப் படித்துவிட்டு வயோலாக்காரி, வீட்டில் அந்த வாத்தியத்தை அவர் ஒருநாளாவது வாசித்திருக்கிறாரா என்று யோசித்துப் பார்த்தாள்.

கடைசி இரண்டு நிகழ்ச்சிகள் மின்னலின் சொந்த ஊரில். சனிக்கிழமை ஒன்று, ஞாயிறு மாலை நாலு மணிக்கு இன்னொன்று. ஞாயிறு நிகழ்ச்சியை ஏழு கேமரா வைத்துப் படம்பிடிப்பதாக ஏற்பாடு.

சனிக்கிழமை நிகழ்ச்சி முடிந்ததும் மின்னலின் அறைக்கு அவளுடைய அண்ணி வந்தாள். தபால் ஆபீஸில் கவுண்டர் வேலை. சாப்பாட்டுப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றாள். சால்வையில் மாட்டிக்கொண்ட ஊக்கைக் கழற்றிவிட வயோலாக்காரி அப்போது மின்னலின் முதுகுப்பக்கம் நின்றிருந்தாள். வெளியே போய்விடலாம் என்றால் ஊக்கு விடவில்லை.

“எப்படி இருந்துச்சு அண்ணி?”

“சால்வை நல்லா இருக்கு.”

“பாட்டு?”

“நாலு” என்றாள் அண்ணி.

“என்ன நாலு?”

“எண்ணினேன். போன வாரம் வீடியோல பாத்தேன், அதுலயும் நாலு. அதுக்கு முந்தின ஊரு வீடியோ, அதுலயும் நாலு. ஏன்டி, துக்கம் என்ன டிபன் கடையா, நேரத்துக்குத் திறந்து நேரத்துக்குச் சாத்த?”

மின்னல் சால்வையின் ஓரத்தை இழுத்துப் பிடித்தாள். அண்ணி விடவில்லை.

“உங்கண்ணன் ஒரு நாளாவது வாசல்ல வாயை மூடிட்டு நின்னு நீ பாத்திருக்கியா? திறக்கலன்னா ரெண்டாந்தரம் இன்னும் சத்தமா கத்துவாரு. மூணாந்தரத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரன் அவன் வீட்டுக் கதவைத் திறந்துடுவான். அந்த மனுஷனைக் கொண்டுபோய் நீல விளக்குல ஊமையா நிக்க வச்சிருக்கே. நான் பாத்துட்டு கைதட்டணுமா?”

“அண்ணி, நான் வேணும்னு…”

“நாளைக்கும் டிக்கெட் குடுத்திருக்க. வரேன். அந்த இடத்துல நீ நின்னேன்னா, நான் எந்திரிச்சு வெளிய போயிடுவேன். அதுக்கப்புறம் என் வீட்டுப் பக்கம் வராதே.”

பையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். கதவைச் சாத்தக்கூட இல்லை.

தாயும் தகப்பனும் எப்போதோ போய்விட்ட மின்னலுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு வீடுதான். உலகம் முழுக்க ‘மேடம், மேடம்’ என்று வாசல்வரை வழிந்துகொண்டு வரும். அண்ணியின் சமையலறையில் மட்டும், ‘வந்தது வந்துட்ட, அந்த வெங்காயத்தை உரி’ என்று ஒரு குரல் கேட்கும். மாதத்தில் இரண்டு ஞாயிறு அங்கே போய் வெங்காயம் உரிக்காவிட்டால் தனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று வயோலாக்காரியிடம் அவளே ஒருமுறை ரயிலில் சொல்லியிருக்கிறாள்.

ஊக்கு கழன்றது.

“அக்கா, முதல் தடவை நிஜமாவே வரல. உங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும்மா.”

“இப்ப அந்த இடம் வந்தா எனக்கு அவன் மூஞ்சி வரமாட்டேங்குது. ஒன்னு, ரெண்டுன்னு எண்ணிக்கைதான் வருது. மூணு வந்ததும், ‘அப்பாடா, இன்னும் ஒன்னு’ன்னு தோணுது.” அவள் சிரிக்கப் பார்த்தாள். “அண்ணி சொல்றது நிஜம்தான்க்கா. எனக்கே அவன் வாசல்ல கத்துறது கேக்கமாட்டேங்குது இப்பல்லாம்.”

குறி போட்டது நான்தான் என்று வயோலாக்காரி சொல்ல நினைத்தாள். சொல்லாமல் ஊக்கை மேஜைமேல் வைத்தாள்.

ஞாயிறு மதியம் மேடையில் நாற்காலிகளைச் சரிபார்க்கும்போது மின்னல் மெதுவாகக் கேட்டாள். “அந்த இடத்துல இன்னைக்கு நிக்காம போயிடலாமா?”

மேனேஜருக்கு வியர்த்தது. “மேடம், ஏழு கேமரா. அதுல ரெண்டு உங்க கண்ணுக்குன்னே வச்சிருக்கு. மின்விசிறிக்காரர் குடும்பத்தோட முன்வரிசைல உக்காந்திருப்பாரு. பாட்டு இல்லைன்னாக்கூட சொல்லிச் சமாளிக்கலாம். மௌனம் இல்லைன்னு எப்படிச் சொல்றது?”

மாஸ்டர் வயலினைத் துடைத்துக்கொண்டே கனிவோடு சொன்னார். “அதை எடுத்துட்டா மிச்சம் இருக்குறது வெறும் பாட்டும்மா.”

பதினைந்து வருஷமாக மற்றவர்கள் குதி என்றால் குதித்து, உட்கார் என்றால் உட்கார்ந்தவள். “சரி” என்றாள். முக்காலியை ஒரு அங்குலம் நகர்த்திவைத்துவிட்டுப் போனாள். போகும்போது அவள் மூன்றாவது வரிசையின் ஓர நாற்காலியை ஒருமுறை பார்த்ததை வயோலாக்காரி கவனித்தாள்.

“எடுத்துடலாமேங்க” என்றாள் கணவரிடம். “அந்தப் பொண்ணுக்கு இருக்குறது அந்த ஒரு வீடு.”

“எதை?”

“அந்தக் குறியை. போட்டது நான்தானே.”

மாஸ்டர் சிரித்தார். “உனக்கு அந்த இடத்துல இருக்கறது ஒத்த ஸ்வரம். ஒத்த ஸ்வரத்துக்கு இவ்ளோ அபிப்பிராயம் எதுக்கு? என் மூச்சைப் பாத்து வாசி, போதும்.”

சரிங்க பக்கத்திலிருந்து, “சரிங்க” என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

அவள் தன் தாளை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். ரப்பரால் அழித்தாள். பதினோரு ஊரில் பதினோரு முறை மேலே மேலே போட்டு அழுந்திய குறி. பென்சில் போனது, பள்ளம் போகவில்லை. தாளைச் சாய்த்துப் பிடித்தால் புருவமும் கண்ணும் அப்படியே அவளைப் பார்த்தன. தன் ஒருத்தியின் தாளில் அழித்து என்ன பிரயோஜனம் என்பதும் அவளுக்குத் தெரியும். மற்ற மூன்று தாளிலும் அது முழித்துக்கொண்டுதான் இருந்தது.

நாலு மணிக்கு அரங்கு நிறைந்தது. அண்ணி மூன்றாவது வரிசையின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். சாப்பாட்டுப் பை காலடியில். வீட்டிலிருந்து வருகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமையில் சாப்பாட்டுப் பை எதற்கு? எழுந்து போகும்போது கையில் எடுக்க ஏதாவது வேண்டும் அல்லவா.

ஆறு பாட்டுகள் போயின. ஏழாவது, அந்தப் பாட்டு. குட்டியின் செல்லோ அடியில் முனகத் தொடங்கியதுமே அரங்கில் கைப்பைகளின் ஜிப் திறக்கும் சத்தம் வரிசையாகக் கேட்டது. கைக்குட்டைகள் வெளியே வந்தன. மின்னலின் குரல் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அவள் பார்வை பாட்டில் இல்லை. வயோலாக்காரி தாளைப் பார்க்கவில்லை. அவளும் மூன்றாவது வரிசையைத்தான் பார்த்துக்கொண்டு வாசித்தாள்.

“கதவைத் திற…”

நீல விளக்கு விழுந்தது. வில்கள் நின்றன. கேமரா ஒன்று சக்கரத்தில் உருண்டு மின்னலின் முகத்துக்கு அருகே வந்தது.

ஒன்று.

அண்ணி குனிந்து பையின் வாரைப் பிடித்தாள். அவள் முதுகு நாற்காலியைவிட்டு விலகியது.

வயோலாக்காரி வாசித்துவிட்டாள்.

மாஸ்டரின் மூச்சு இல்லாமல் இருபத்திரண்டு வருஷத்தில் அவள் மேடையில் வாசித்த முதல் ஸ்வரம் அது. அழகாகவும் இல்லை. வில் கொஞ்சம் அதிகமாக அழுந்தி, பலகையில் நாற்காலியை இழுத்ததுபோல ஒரு கரகரப்பு. மாஸ்டரின் புருவம் ஏறியது. அதன் கீழே கண் விழித்து நின்றது. சாட்சாத் அந்தக் குறியேதான். முன்னால் போகிறவர் பின்னாலேயே போய்ப் பழகிய சரிங்க, யார் போகிறார் என்று பார்க்காமல் தானும் சேர்ந்துகொண்டார். குட்டி கீழேயிருந்து தாங்கிப் பிடித்தார். வேறு வழியில்லாமல் மாஸ்டரும், இதுதான் தன் திட்டம் என்பதுபோல உள்ளே வந்தார்.

மின்னல் திரும்பி வயோலாக்காரியைப் பார்த்தாள்.

“நான்தான்” என்று பாடினாள். அவசரத்தில் வந்த ‘நான்தான்’. நடுவில் உடைந்தது.

அங்கே பாட்டு அடுத்த வரிக்குப் போகவேண்டும். போகவில்லை. மின்னல் முக்காலியைவிட்டு எழுந்தாள். தேய்ந்த முழங்கால் ‘டக்’கென்றது; ஏழு கேமரா மைக்கில் ஏதோ ஒன்று அதையும் பிடித்தது. மூன்றாவது வரிசையைப் பார்த்து, சால்வை நழுவுவதைக் கண்டுகொள்ளாமல், அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

“கதவைத் திற, நான்தான்!”

சுருதி எங்கேயோ, அவள் எங்கேயோ. துருப்பிடித்த இரும்புக் கேட்டை இழுத்ததுபோல ஒரு குரல். பதினைந்து வருஷப் பாட்டில் கம்ப்யூட்டர் ஒருநாளும் அனுமதிக்காத குரல். ஸ்பேனர் பையோடு வாசலில் நிற்கும் ஒரு மனுஷனின் குரல். ஒரு இடத்தில் அது பாட்டாக இருப்பதை நிறுத்திவிட்டு வெறும் கூப்பாடாகியது. தாளில் அப்படி எதுவும் கிடையாது. வயோலாக்காரி அந்தக் குரலின் பின்னாலேயே போய், அதே ஒற்றை ஸ்வரத்தை இன்னொருதரம் கொடுத்தாள்.

கைக்குட்டைகள் பாதி வழியில் நின்றன. மின்விசிறிக்காரர் மனைவியைப் பார்த்தார். அழுவதற்குத் தயாராக வந்த எண்ணூறு பேர் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்த அந்த இடத்தில், மூன்றாவது வரிசை ஓரத்திலிருந்து ஒருத்தி பட்டென்று சத்தமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நீண்டு, மூச்சுமுட்டி, வேறாக மாறியது. அண்ணி பாதி எழுந்த நிலையில் இருந்தாள். கையில் பை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பாட்டு முடிந்தபோது முதலில் யாரும் கைதட்டவில்லை. முடிந்துவிட்டதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

மேடைக்குப் பின்னால் மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டு இரண்டு சுற்றுச் சுற்றினார். பிறகு முகம் தெளிந்தது. “ஒன்னும் கெட்டுப்போகல. நேத்து நிகழ்ச்சில கேமரா ஒத்திகைக்கு ஓடவிட்ட ரெக்கார்டிங் இருக்கு. அதுலருந்து நாலு செகண்டை வெட்டி எடுத்து இங்க ஒட்டிடலாம். மௌனம்தானே, எல்லா ஊர் மௌனமும் ஒன்னுதான்.”

“வேணும்னா அந்த நாலு செகண்டைத் தனியா வித்துக்கோங்க” என்றாள் மின்னல். “என் பாட்டுல ஒட்டாதீங்க.” சொல்லிவிட்டு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். மேனேஜர், தன்னிடம் யாரோ தெரியாத பாஷையில் பேசியதுபோலச் சுவரில் மாட்டியிருந்த போஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் வயலின் பெட்டியை மூடினார். திட்டப்போகிறார் என்று வயோலாக்காரி காத்திருந்தாள். அவர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, அவள் கொண்டையை நோக்கிக் கையை நீட்டினார்.

“பென்சிலைக் குடு. அந்த ரெண்டாந்தரம் வருதே, அதுக்கு என்ன குறி போடலாம்? திரும்ப வர்ற குறி போட்டுக்கலாமா?”

“ஒன்னும் போட வேணாம்.”

“அப்ப அடுத்த தடவை அந்த இடத்துல என்ன வரும்னு நமக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாதுங்க.”

அவர் மூக்கால் ஒரு மூச்சு இழுத்தார். ‘சர்’ரென்று கேட்டது. அவள் கை அசையவில்லை. இருவருமே அதைக் கவனித்தார்கள். அவர், “காப்பி எங்க கிடைக்கும்னு நானே பாத்துட்டு வரேன்” என்று போனார்.

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடைவழிக்கு வந்தாள். அண்ணி அந்தப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தாள். வயோலாக்காரியைப் பார்த்தும் பார்க்காததுமாகத் தாண்டிப்போய், மின்னலின் அறைக் கதவை இரண்டு தட்டுத் தட்டினாள்.

“நான்தான்” என்றாள்.

உள்ளே குழாயில் தண்ணீர் ஓடியது. பழக்கதோஷம், வயோலாக்காரியின் மனசு எண்ணத் தொடங்கியது. ஒன்று. இரண்டு.

மூன்றுக்கு அண்ணி இடம் வைக்கவில்லை. உள்ளங்கையால் கதவை ஓங்கி அறைந்தாள்.

“ஏய்! காது அடைச்சுப்போச்சா உனக்கு? நான்தான்டி!”

தண்ணீர் நின்றது. தாழ்ப்பாள் ஒரு முறை சிக்கி, கிறீச்சிட்டு, பிறகு விலகியது.